கீழ்த்தட்டு எலிகளுக்குப் போன பழம்

சோதனையின் முப்பத்தைந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு மேடத்தின் கையிலிருந்து கத்தரிக்கோல் கீழே விழுந்தது. நான் அடுத்த அறையில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பதினோரு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. ஒரு கத்தரி விழுந்ததற்கெல்லாம் எட்டிப் பார்க்கிற ஆள் நான் இல்லை. ஆனால் விழுந்த கத்தரியை யாரும் எடுக்கிற சத்தம் வரவில்லை. அதனால்தான் ஈரக் கையோடு போய் வாசலில் நின்றேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை மாட்டிய இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன.

"அக்கா, இது இருக்கக் கூடாது," என்றார்.

"எது மேடம்?"

"புழு. இந்த எலி வயித்துல புழு இருக்கவே கூடாது."

ஒரு கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, எலியின் குடலைப் பிளந்து பரப்பியிருந்தார். அதில் வெள்ளை நூல் நூலாக ஏதோ அசைந்தது. மெல்லிய பக்கம் குடலுக்குள் தைத்துக்கொண்டு, தடித்த பக்கம் தண்ணீரில் ஆடியது. ஒன்றிரண்டு அல்ல, எண்ணவே முடியவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். அதில் என்ன கிடந்தது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மேடம் நாலு வருஷமாக என்ன தேடுகிறார் என்பது எனக்கு ஓரளவு தெரியும். டீ குடிக்கும்போது அவரே சொல்லியிருக்கிறார். அது சாட்டைப்புழு. மனுஷனுக்கு ஒரு ஜாதி, எலிக்கு ஒரு ஜாதி. "முட்டையை முழுங்கினா மட்டும் புழு வந்துடாதுக்கா. அது பெருங்குடலுக்குப் போகணும். அங்க இருக்கற பாக்டீரியா வந்து முட்டையோட முனையில ஒட்டணும். அப்பதான் முட்டை திறக்கும். கதவைத் திறந்துவிடறதே நம்ம வீட்டு ஆளுங்கதான்," என்றார். அதைக் கேட்ட அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. நம் வயிற்றுக்குள்ளே நம்மைக் கேட்காமல் இப்படி ஒரு குடும்பமே நடக்கிறதா என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறந்த புழு தங்குமா, உடம்பு அதை வெளியே தள்ளிவிடுமா என்பதில் தின்கிற தீனிக்கும் பங்கு உண்டாம். தீனி மாறினால் குடலில் இருக்கிற பாக்டீரியா மாறும். பாக்டீரியா மாறினால் குடலின் தற்காப்பு மாறும். அதைப் பார்க்கத்தான் எல்லா எலிக்கும் புழு முட்டையைக் கொடுத்துவிட்டு இரண்டு விதத் தீனி. வெள்ளைப் பையில் மாவு, சர்க்கரை, பால் புரதம், எண்ணெய் எல்லாம் உண்டு, நார்ச்சத்து மட்டும் துளியும் கிடையாது. பழுப்புப் பையில் அதே தீனியோடு ஒரு நார்ப்பொடி. வெள்ளைத் தீனி தின்ற எலிகள் ஒரு மாதத்துக்குள் புழுவைத் தள்ளிவிடும், பழுப்புத் தீனி தின்றவற்றில் புழு தங்கிவிடும் என்று மேடம் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. இது கடைசித் தடவை. இதுவும் சரியாக வந்தால் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். மேடத்துக்கு அங்கே இன்னும் ஆறு மாதம்தான் இடம்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் வெள்ளைத் தீனி தின்ற எலியின் வயிற்றில் புழு.

இங்கே நிறுத்திவிட்டு 'இன்னுங்கொஞ்சம்' அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். கூண்டு கழுவுவது, தண்ணீர் வைப்பது, தீனி நிறுத்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது. அந்தப் பெயர் அவருக்கு எலிக் கூடத்துக்கு வருவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டது. மாணவர் விடுதி ஒன்றில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவர். கரண்டியோடு வந்து நின்று, "இன்னும் கொஞ்சம்?" என்பாராம். வேண்டாம் என்று கையால் மறைத்தால் விரல் இடுக்கு வழியாக ஊற்றுவாராம். ஒரு நாள் முதல் இரண்டு பந்திக்கும் வாரி வாரிப் போட்டதில் கடைசிப் பந்திக்குப் பாத்திரம் காலி. நாற்பது பேர் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஆளோடு உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய தொல்லை. என் டப்பாவில் அவர் பங்கும் வந்து விழும். "இந்த மனுஷனுக்குத் தன் வயிறு தெரியாது, ஊரான் வயிறுதான் பசிக்கும்," என்று அவர் பெண்டாட்டி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். அவரே ஒரு தடவை சொன்னார், வீட்டில் ஏழு பிள்ளைகளாம், அவர் ஆறாவது. "அம்மா போட்டுக்கிட்டே வருவாங்க. என்கிட்ட வர்றப்ப கரண்டி பாத்திரத்து அடியில இடிக்கும். டங்குனு ஒரு சத்தம். இப்ப கேட்டாலும் வயித்தைப் பிசையும் தங்கச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலிகளையும் அவர் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரிதான் பார்த்தார். புதுத் தீனி வந்தால் முதலில் தன் நாக்கில் ஒரு விள்ளல் வைத்துப் பார்ப்பார். வெள்ளைப் பை வந்த அன்று முகத்தைச் சுளித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சுண்ணாம்பைத் தின்ன மாதிரி இருக்கு. இதையா ஒரு மாசத்துக்கு மேல தின்னணும்? பழைய தீனின்னா கடிச்சுத் தின்னும், அறை முழுக்க மொறுமொறுன்னு சத்தம் கேக்கும். இப்ப ஒரு சத்தம் இல்ல. எழவு வீடு மாதிரி இருக்கு."

"உங்களுக்கு என்ன அண்ணே? பைல இருக்கறதைப் போட்டுட்டு வாங்க," என்றேன். கதவில் 'உணவுப் பொருள் எதையும் உள்ளே கொண்டு செல்லக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. தினமும் அதைத் துடைக்கிறவரும் அவர்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எலிக் கூடத்து அலமாரியில் நாலு தட்டு, தட்டுக்கு நாலு கூண்டு, கூண்டுக்கு மூன்று எலி. ஆக நாற்பத்தெட்டு. குழப்பம் வரக் கூடாது என்று மேடம் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வெள்ளைத் தீனி, நடுவில் இரண்டு தட்டுக்கும் பழுப்பு என்று பிரித்திருந்தார். சாயங்காலத்துக்குள் எல்லா எலியையும் திறந்து பார்த்தாகிவிட்டது. நடுத்தட்டுகளில் எதிர்பார்த்தபடி புழு. மேல்தட்டு வெள்ளையில் எதிர்பார்த்தபடி சுத்தம். கீழ்த்தட்டு வெள்ளையில், பன்னிரண்டு எலியிலும், புழு.

பேராசிரியர் வந்தார். தாளைப் பார்த்தார். "தீனிப் பையை மாத்திட்டீங்க," என்றார்.

"இல்ல சார். அண்ணன்தான் போடறார். ஆனா வாரத்துக்கு ஒரு தடவை டப்பாவுல நிரப்பறது நான். பாத்துத்தான் நிரப்பினேன்."

"கீழ்த்தட்டு டப்பாவுல பழுப்பை நிரப்பியிருக்கீங்க. வேற வழியே இல்ல. பழுப்புத் தின்ன எலி மாதிரியே இருக்கே. இந்தத் தடவை மாத்தினவங்க போன தடவை மாத்தலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

அந்தக் கேள்வி மேடத்தின் முகத்தில் என்ன செய்தது என்பதைப் பார்த்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசனை வந்தது. கடைசியில், நான்தான் மாற்றிவிட்டேனோ என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். புழுவைப் பார்த்ததைவிட எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குறிப்பேட்டில் ஒரு எண் கோணலாக இருந்தால்கூடத் திருப்பி எழுதுகிற பெண் அவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே கடிதம் அடித்து வைத்திருந்தார். தவறு என்னுடையது, முந்தைய முடிவுகளையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் இருந்தது. பதினோரு மணிக்குப் பேராசிரியரிடம் கொடுப்பதாகப் பேச்சு. நாலு வருஷம் ஒரே ஒரு தாளில் முடிந்து கிடந்தது.

அண்ணன் முந்தின நாள் முழுக்க எரிஉலைப் பக்கம் இருந்தார். செத்த எலிகளைப் பையில் கட்டி எரிப்பதும் அவர் வேலை. அது நடக்கிற நாளில் யாரோடும் பேச மாட்டார். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு என் அறைக்கு வந்ததும் நான்தான் சொன்னேன்.

"கேட்டீங்களா அண்ணே? கீழ்த்தட்டு நாலு கூண்டுலயும் புழுவாம். வெள்ளைத் தீனிக்கு வரவே கூடாதாம். பையை மாத்திட்டேன்னு மேடம் எழுதிக் குடுக்கப் போறாங்க."

"கீழ்த்தட்டா?"

"ஆமா. மேல்தட்டுல ஒண்ணுமில்லையாம். கீழ மட்டும்தான்."

அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். கால்சட்டை நனைவதுகூடத் தெரியவில்லை. "தங்கச்சி," என்றார். "நீ குடுத்த பழம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் பேருந்து நடத்துனர். வேலை முடிந்து வரும்போது வாழைப்பழம் வாங்கி வருவார். நாலு நாள் தாங்கட்டும் என்று பச்சையாகப் பார்த்து வாங்குவார். பத்தொன்பது வருஷமாகச் சொல்லியும் திருந்தவில்லை. காலையில் என் டப்பாவோடு ஒன்றை வைத்தும் விடுவார். எனக்கு அது வாயில் வைத்தால் துவர்க்கும், பல்லெல்லாம் கூசும். வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படுவார். அதனால் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். "அப்புறம் சாப்பிடறேன்," என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு எதுக்கு? நான் வீட்டுலயே நல்லா சாப்பிட்டுட்டுத்தானே வரேன்." என்றார். "கீழ்த்தட்டு கதவுக் கண்ணாடி வழியா தெரியாது. தீனித் தொட்டி மறைச்சுக்கும். அதுல காது கிழிஞ்சது ஒண்ணு இருந்துது, நான் போனா ரெண்டு காலால நின்னு கம்பியைப் பிடிச்சுக்கும். அதுக்கு மட்டும்தான் முதல்ல போட்டேன். அப்புறம் மத்ததெல்லாம் பாத்துது. பாத்துட்டே இருக்கறப்ப எப்படி விடறது? நகத்தளவுதான் தங்கச்சி. ஆளுக்கு ஒரு நகம்."

என் கையிலிருந்த குடுவை தொட்டியில் விழுந்து உடைந்தது. பதினோரு வருஷத்தில் நான் உடைத்த இரண்டாவது குடுவை அது.

அப்போது நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "வெளியில சொல்லிடாதீங்க அண்ணே," என்றேன். "உங்களுக்கு வேலை போயிடும். எனக்கும் போயிடும்." சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் எழுந்தார். "அந்தப் பொண்ணு தட்டுல ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பேராசிரியர் அறையில் மேடம் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைத் தட்டக்கூட இல்லை. "சார், அவங்க பையை மாத்தல. நான் வாழைப்பழம் போட்டேன்," என்றார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் மாட்டினார். "என்ன போட்டீங்க?"

"வாழைப்பழம் சார். இவ்வளவு." கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். "தினமும்."

"பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? படிக்கத் தெரியுமா தெரியாதா? எங்கேருந்து வந்துது பழம்?"

நான் வாசலில் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில வாங்கினேன் சார்," என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

மேடம் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "நாப்பத்தெட்டு எலி அண்ணே," என்றார் மெதுவாக. "நாப்பத்தெட்டையும் கொன்னேன். நீங்க பாவம் பாத்ததுல எல்லாமே வீணாச் செத்துப்போச்சு." திட்டியிருந்தால் தேவலை. அண்ணன் முகம் செத்துவிட்டது.

பிறகு மேடம் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் மேஜைக்கு அழைத்துப் போனார். உருப்பெருக்கிக்குக் கீழே ஒரு தட்டை வைத்தார். "பாருங்க. காது கிழிஞ்சது இருந்த கூண்டுலேருந்து எடுத்தது."

அண்ணன் குனிந்து பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை. பத்தொன்பது வருஷமாக எலி வளர்க்கிறவர், அதன் வயிற்றுக்குள்ளே பார்த்ததே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "கொழுகொழுன்னு இருக்கும்மா," என்றார். "இதுக்கா நான் போட்டேன்?"

"பழத்தைப் புழு திங்கல அண்ணே. எலியாலயும் முழுசா செரிக்க முடியல. செரிக்காம மிஞ்சினது பெருங்குடலுக்குப் போயிருக்கும், அங்க பாக்டீரியா தின்னிருக்கும். எந்த பாக்டீரியாவுக்குத் தீனி கிடைச்சுதோ அது பெருகியிருக்கும். அதுல குடல் மாறி, புழுவைத் தள்ளற வேகம் குறைஞ்சிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். பழம்தான் காரணம்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது."

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "எலிக்கு ஒரு பந்தி. பாக்டீரியாவுக்கு ஒரு பந்தி. புழுவுக்கு ஒரு பந்தி. ஒரு நகப் பழத்துல மூணு பந்தி வெச்சிருக்கேன்." சிரிக்க முயன்று முடியாமல் சுவரோடு சாய்ந்துகொண்டார். "பசிக்குமேன்னுதாம்மா போட்டேன். நான் போட்டதுல அதோட வயித்துக்கு எதிரியை வளத்துட்டேனே."

அப்படியானால் வீட்டில் பிள்ளைகளுக்குப் பழம் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டேவிட்டேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, இது எலி. இது ஒரு புழு. வேற புழுவுக்கு வேற மாதிரி நடக்கும், மனுஷனுக்கு என்னன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. இதைக் கேட்டுட்டுப் போய் வீட்டுல காய் பழத்தை நிறுத்தினீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

பேராசிரியரும் அதற்குள் வந்து நின்றிருந்தார். கடிதம் அவர் கையில் இருந்தது, பிரிக்காமலே. மேடம் குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "சரி அண்ணே. இதை மறுபடி செஞ்சு பாக்காம யாரும் நம்ப மாட்டாங்க, நானே நம்ப மாட்டேன். அதே பழம் வேணும். என்ன பழம்? எவ்வளவு பழுத்தது? பச்சைப் பழத்துல இருக்கற மாவு வேற, கனிஞ்சதுல இருக்கறது வேற. அதைப் பொறுத்து எல்லாமே மாறும். எந்தக் கடை?"

அண்ணன் விழித்தார். "கடை... அந்த முக்குல இருக்கற கடைதாம்மா."

"என்ன பழம்?"

"மஞ்சளா... நல்ல பழமாத்தான்."

"மஞ்சளா? நல்லா கனிஞ்சதா? நிச்சயமா?" பேனா தாளில் இறங்கப் போனது.

அந்தப் பேனாவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மஞ்சள் என்று எழுதினால், மஞ்சள் பழத்தை வாங்கி, இன்னொரு நாற்பத்தெட்டு எலியைக் கொன்று, ஒன்றும் வராமல், இந்தப் பெண் தன்னையே மறுபடி சந்தேகப்படுவார். அதற்கு முழுக்காரணமும் நானாக இருப்பேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அந்தப் பச்சைப் பழத்தைத் தின்ற மாதிரியே.

"பச்சை மேடம்," என்றேன். "கனியவே கனியாது. தோல்ல மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே குடுத்துடுவேன். என் வீட்டுக்காரர் வாங்கறது. அண்ணனுக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகத்தில் இருந்த அதிர்ச்சியை நான் மறக்க மாட்டேன். அவர் அவ்வளவு பாடுபட்டு மூடிய பாத்திரத்தை நானே திறந்துவிட்டேன். மேடம் 'மஞ்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பச்சை' என்று எழுதினார். பேராசிரியர் கடிதத்தை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து, "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் என் அறைக்கு வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை போகவில்லை. மேடம் பேசியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் எலிக் கூடத்துச் சாவியை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவர் என்னோடு குடுவை கழுவுகிறார். நன்றாகவே கழுவுகிறார், சோப்பைத்தான் வாரி வாரிப் போடுகிறார். மேடத்துக்கு ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாங்குகிற பழத்தை ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள் என்றதும், "பாத்தியா, பாத்தியா," என்று நாலு நாள் என் உயிரை எடுத்தார்.

புதிதாக நாற்பத்தெட்டு எலி வந்தது. இந்தத் தடவை எந்தக் கூண்டு எந்தத் தட்டு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் வைத்தார்கள். பழமும் உண்டு, மேடம் தன் கையாலேயே தராசில் நிறுத்துப் போடுகிறார். முதல் நாள் அண்ணன் கதவுக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். நானும் பின்னால் நின்றேன். உள்ளே ஒரு எலி இரண்டு காலால் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டது. மேடம் இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து வைத்தார். அது கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியவில்லை. எலி அதைத் தின்றுவிட்டு, கம்பியை விடாமல் பார்த்துக்கொண்டே நின்றது.

அண்ணனின் வாய் திறந்தது. என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மேடத்துக்கும் தெரியும். அவர் இடுக்கியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அண்ணன் இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். அப்படியே திரும்பிக் கழுவும் அறைக்கு நடந்தார்.